பாக்டீரியா, வைரஸ் தொற்றுகள் எந்த வழியாக வருகின்றன, எந்த வழியாகப் போகின்றன

கேட்கப்பட்டவை மூன்று. பாக்டீரியாவால் வரும் நோய்க்கும் வைரஸால் வரும் நோய்க்கும் என்ன வேறுபாடு? அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் பரவுகின்றன? வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவர் எத்தனை நாள் ஒதுங்கியிருக்க வேண்டும்? மூன்றையும் ஒன்றாகக் கேட்பது இயல்புதான். ஆனால் முதல் கேள்விக்கான விடை சிகிச்சையைத் தீர்மானிக்கிறது, இரண்டாம் கேள்விக்கான விடை தடுப்பைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் விழுங்குவதும், எச்ஐவி உள்ளவரோடு உட்கார்ந்து சாப்பிடத் தயங்குவதும் இன்றும் நடக்கின்றன. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் கூடுமானவரை தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.

பாக்டீரியா என்பது தனித்து வாழும் ஒரு முழு உயிர். அதற்கு ஒரே ஒரு செல்தான் உண்டு என்றாலும், உணவை எடுத்துக்கொள்ளவும் புரதம் தயாரிக்கவும் இரண்டாகப் பிளந்து பெருகவும் தேவையான எல்லாம் அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கின்றன. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளம் கொண்டவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பதே ஒரு மைக்ரோமீட்டர். நம் குடலில் வாழும் ஈ. கோலை, சூழ்நிலை சாதகமாக இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். வைரஸ் அப்படிப்பட்டதன்று. கொஞ்சம் மரபுப்பொருள், அதைச் சுற்றி ஒரு புரத உறை, சிலவற்றுக்கு அதன்மேல் ஒரு கொழுப்புப் படலம், அவ்வளவுதான். அது வேறோர் உயிரின் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லின் கருவிகளைக் கொண்டே தன் படிகளைச் செய்துகொள்கிறது. போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர்), ஓர் ஈ. கோலையின் நீளத்துக்கு இணையாக அடுக்க அறுபதுக்கும் மேற்பட்ட போலியோ வைரஸ்கள் வேண்டும். பாக்டீரியாவை 1670களிலேயே ஹாலந்தைச் சேர்ந்த லேவன்ஹூக் தம் கைப்பட இழைத்த கண்ணாடி வில்லைகளின் வழியே பார்த்துவிட்டார். வைரஸைக் கண்ணால் பார்க்க 1930களின் இறுதியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை மனிதகுலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த அமைப்பு வேறுபாடே மருந்தின் வேறுபாடாகிறது. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பென்சிலின், பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. வேறு சில ஆன்டிபயாடிக்குகள் அது புரதம் தயாரிக்கும் இடத்தில் சென்று அமர்ந்துகொள்கின்றன. வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் இயந்திரமும் இல்லை. எனவே ஜலதோஷம், ஃப்ளூ, தட்டம்மை, டெங்கு ஆகியவற்றில் ஆன்டிபயாடிக் தாக்குவதற்கு இலக்கே கிடையாது. நோயாளிக்குப் பயனில்லை என்பதோடு இது முடிவதில்லை. அந்த மாத்திரை உடலில் இருக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்களைக் கொன்று, மருந்துக்குப் பணியாதவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. சில வைரஸ்களுக்கு அவற்றுக்கென்றே தனி மருந்துகள் உண்டு. ஃப்ளூ, ஹெர்பிஸ், எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவை அந்தப் பட்டியலில் அடங்கும். மற்றவற்றில் உடலின் எதிர்ப்பாற்றல் வேலை செய்து முடிக்கும்வரை நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாலும் சிகிச்சை.

சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நிறம் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது; வைரஸ் தொற்றிலும் அதே நிறம் வரும். தொண்டை வலியில் வேறு சில குறிகள் ஓரளவு உதவும். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் சேர்ந்து வந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருமல் இல்லாமல், திடீரென்று கடுமையான தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து கழுத்தில் நெறி கட்டினால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் சந்தேகித்துப் பரிசோதிக்க வேண்டும். தொண்டை வலியோடு வரும் சிறுவர்களில் பத்தில் மூன்று பேர் வரைக்கும், பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும்தான் இந்தப் பாக்டீரியா காரணமாகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பாதிக்கப்படும் என்பதால், இங்கே ஆன்டிபயாடிக் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

இனி பரவும் வழிகளுக்கு வருகிறேன். கிருமி உடலின் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது, வெளியே எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, அடுத்தவர் உடலில் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், எங்கே மறிக்கலாம் என்பது தானே விளங்கும். இந்த விஷயத்தில் பாக்டீரியா, வைரஸ் என்ற பிரிவினைக்குப் பெரிய இடமில்லை. காசநோய் பாக்டீரியாவும் தட்டம்மை வைரஸும் ஒரே காற்றில் பயணிக்கின்றன; காலரா பாக்டீரியாவும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸும் ஒரே குடிநீரில் வருகின்றன.

காற்று வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமல்லாமல், பேசும்போதும் பாடும்போதும்கூட வாயிலிருந்து நீர்த்துளிகள் தெறிக்கின்றன. பெரியவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை ஈரம் உலர்ந்து, தூசியைப் போல் காற்றில் மிதக்கும். தட்டம்மை வைரஸ், நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் தொற்றும் திறனோடு இருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் நோயாளியோடு நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு கூட்டத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு 4 நாள் முன்பே, அதாவது வெறும் காய்ச்சலும் கண் சிவப்புமாக இருக்கும்போதே, பரவல் தொடங்கிவிடுகிறது. இதனால்தான் நோயாளியைத் தனிமைப்படுத்துவதை மட்டும் நம்பித் தட்டம்மையைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. சமூகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

காசநோயும் காற்றில்தான் பரவுகிறது, ஆனால் அதன் போக்கு முற்றிலும் வேறு. சளி மாதிரியை ஸ்லைடில் மெல்லியதாகத் தடவி உலர்த்தி, அதன்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றி, கொதிக்கவிடாமல் ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுவோம். பிறகு அமிலத்தால் கழுவினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சாயம் இறங்கிவிடும். மெழுகு போன்ற கொழுப்பு நிறைந்த சுவர் கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் அதை விடாது. கடைசியாக நீலச் சாயம் இட்டு நுண்ணோக்கியில் வைத்தால், நீலப் பின்னணியில் இலேசாக வளைந்த மெல்லிய சிவப்புக் குச்சிகள், சில தனியாக, சில ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபடி தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சிவப்பு மனத்தைக் கனக்கச் செய்யும், ஏனெனில் அது தெரியும் நிலையில் இருப்பவர் ஏற்கெனவே பிறருக்குப் பரப்பிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இப்படிக் கண்ணில் படும். ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தார். இன்று உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் இது நுழைந்திருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்கள் உடலில் அது உறங்கிக் கிடக்கும், பிறருக்குப் பரவாது. காசநோய் உள்ளவரின் தட்டையும் துணியையும் பிரித்துவைப்பதில் குடும்பங்கள் காட்டும் அக்கறையை ஜன்னல்களைத் திறந்துவைப்பதில் காட்டினால் எவ்வளவோ பயன் இருக்கும்; இந்தக் கிருமி தட்டின் வழியாகப் பரவுவதில்லை, காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் ஒன்றாக இருப்பதால் பரவுகிறது.

ஃப்ளூ, கோவிட், கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், பொன்னுக்கு வீங்கி ஆகியவையும் மூச்சுவழித் துளிகளால் பரவுபவையே. ஃப்ளூவில் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவல் தொடங்கிவிடுகிறது. 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் சுமார் 5 கோடிப் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

கைகளின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. ஜலதோஷ வைரஸ் மூக்கிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து கதவுக் கைப்பிடிக்கும், அங்கிருந்து இன்னொருவர் விரலுக்கும், அவர் கண்ணுக்கும் மூக்குக்கும் போகிறது. கண்வலி உள்ளவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பார்வை வழியாக எந்தக் கிருமியும் பயணிப்பதில்லை. அடினோ வைரஸ் கலந்த கண்ணீர் விரலிலும் துண்டிலும் தலையணை உறையிலும் படிந்து, அவற்றைத் தொட்டவர் தம் கண்ணைக் கசக்கும்போது உள்ளே போகிறது. அதனால் கறுப்புக் கண்ணாடி அணிவது பிறரைக் காக்காது. துண்டைப் பிரித்துவைப்பது காக்கும்.

ஆய்வகப் பயிற்சிக்கு வருபவர்களின் கைகளில், புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு களிம்பைத் தடவிவிட்டு, வழக்கம்போல் கழுவிவரச் சொல்வதுண்டு. விளக்கின் கீழ் நீட்டினால் உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரலைச் சுற்றியும், விரல் நுனிகளிலும், நகக்கண்களிலும், விரல் இடுக்குகளிலும் களிம்பு பளிச்சென்று மின்னும். நாம் உணவையும் கண்ணையும் தொடுவது அந்த விரல் நுனிகளால்தான். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரேதப் பரிசோதனை செய்துவிட்டுப் பிரசவம் பார்க்கப் போன மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அந்தப் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்கள் இறந்திருந்தார்கள். 1848இல் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. காரணமான பாக்டீரியா அப்போது இன்னதென்று தெரியவில்லை. வழி தெரிந்தது, அதை அடைத்தார், உயிர்கள் பிழைத்தன.

கை கழுவுவதிலும் கிருமியின் அமைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களின் கொழுப்புப் படலத்தைச் சோப்பும் ஆல்கஹாலும் சிதைத்துவிடும். வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கு அந்தப் படலமே இல்லை. சானிடைசர் அதனிடம் சரியாக எடுபடாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் அடித்துக்கொண்டு போகச் செய்வதுதான் வழி. வெறும் இருபதுக்கும் குறைவான நோரோ வைரஸ் துகள்களே ஒருவரை நோயில் தள்ளப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்கும் 10 முதல் 100 பாக்டீரியாக்கள் போதும். காலராவுக்கோ கோடிக்கணக்கில் வேண்டும், ஏனெனில் வயிற்றின் அமிலம் அவற்றில் பெரும்பகுதியைக் கொன்றுவிடுகிறது. அதனால் ஷிகெல்லா கையிலிருந்து கைக்கு எளிதாகப் பரவுகிறது, காலரா பெரும்பாலும் அசுத்தமான நீரையும் உணவையும் பிடித்துக்கொண்டு வருகிறது.

காலராவுக்கு நீர்தான் பாதை என்று காட்டியவர் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். 1854இல் லண்டனின் பிராட் ஸ்ட்ரீட்டில் இறந்தவர்களின் வீடுகளை அவர் கணக்கெடுத்தபோது, அவை ஒரு தெருப் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. அவருடைய வற்புறுத்தலால் அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் இந்தப் பாதையில் டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் இ, ரோட்டா வைரஸ், போலியோ எல்லாம் அடங்கும். டைபாய்டில் இன்னொரு சிக்கல் உண்டு. குணமானவர்களில் சிலருடைய பித்தப்பையில் அந்தப் பாக்டீரியா ஆண்டுக்கணக்கில் தங்கி, மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அவருக்கோ ஓர் அறிகுறியும் இராது. நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் அப்படித்தான் தாம் வேலை செய்த வீடுகளில் அறியாமலே டைபாய்டைப் பரப்பினார். 1907இல் தனிமைப்படுத்தப்பட்டு, 1910இல் விடுவிக்கப்பட்டு, மீண்டும் சமையலுக்குப் போனதால் 1915 முதல் 1938இல் இறக்கும்வரை தனிமையிலேயே வைக்கப்பட்டார். அவரைக் கெட்டவராகச் சித்திரித்து எழுதுவதை நான் ஏற்பதில்லை. உடல் நலத்தோடு இருக்கும் ஒருவரிடம் உன்னால்தான் பிறர் நோயுறுகிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் அதை நம்புவது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

மஞ்சள் காமாலை என்ற ஒரே பெயரில் பல நோய்கள் ஒளிந்திருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ, இ இரண்டும் நீர், உணவு வழியாக வந்து பெரும்பாலானோருக்குத் தாமே குணமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இ வகை பேராபத்து. பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியாக வருபவை: கிருமி நீக்காத ஊசி, பரிசோதிக்காத இரத்தம், பகிர்ந்துகொள்ளும் சவரக்கத்தி ஆகியவற்றால். பி வகை உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் எளிதாகப் பரவும். உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில்கூட ஹெபடைட்டிஸ் பி வைரஸ் 7 நாளாவது உயிர்ப்போடு இருக்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே அது நிலைத்துவிடுகிறது. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நிலைத்து, பிற்காலத்தில் ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்வது இதற்காகத்தான்.

எச்ஐவியும் இரத்தம், உடலுறவு, தாய்ப்பால் உட்பட தாயிடமிருந்து குழந்தைக்கு என்ற வழிகளில் மட்டுமே பரவும். கைகுலுக்கல், கட்டியணைத்தல், ஒரே கழிவறை, ஒரே தட்டு, இருமல், கொசுக்கடி எதனாலும் பரவாது. கொசு இரத்தத்தை உறிஞ்சுகிறதே என்று கேட்பவர்களுக்கு விடை இது: கொசு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத்தான் செலுத்துகிறது, முன்பு குடித்த இரத்தத்தைச் செலுத்துவதில்லை, அதன் உடலில் எச்ஐவி பெருகவும் முடியாமல் செரித்துப் போகிறது. டெங்கு வைரஸோ கொசுவின் குடலிலிருந்து பெருகிப் பரவி, 8 முதல் 12 நாளில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. பிறகு அந்தக் கொசு உயிரோடு இருக்கும்வரை பரப்பும். டெங்கு நோயாளியைத் தொட்டாலும் அருகில் உட்கார்ந்தாலும் ஒன்றும் வராது. அவரைக் கடித்த கொசுவால் சில நாள் கழித்து வரும். எனவே டெங்கு வந்த வீட்டில், காய்ச்சலின் முதல் ஐந்தாறு நாள் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. டெங்குவில் நான்கு வகைகள் இருப்பதால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், இரண்டாம் முறை கடுமையாக இருக்கவும் கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீரில் நடக்கும்போது தோலின் கீறல் வழியாக நுழையும் எலிக்காய்ச்சல் பாக்டீரியாவும் விலங்குகளிடமிருந்து வருவதே. அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது.

வெறிநாய்க்கடி பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்த உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொன்னால் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம். சிறு கீறல்தானே என்று யாரும் இருந்துவிடக் கூடாது.

எல்லாத் தொற்றும் பிறரிடமிருந்து அப்போதே வந்ததாக இருக்க வேண்டியதில்லை. பத்தில் மூன்று பேரின் மூக்கில் ஸ்டேபைலோகாக்கஸ் ஆரியஸ் அமைதியாகக் குடியிருக்கிறது. தோலில் வெட்டுப்பட்டால் அதே பாக்டீரியா கட்டியாகவும் சீழாகவும் மாறும். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் குற்றவாளி அவரவர் குடலின் ஈ. கோலையே. சின்னம்மை வைரஸ் குணமான பின்பும் நரம்புக் கணுக்களில் பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்து, முதுமையில் அக்கியாக எழும்.

கடைசிக் கேள்வி, எத்தனை நாள் என்பது. சின்னம்மையில் தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். குளிப்பதும் குளிக்காததும் அந்தக் கணக்கை மாற்றாது. தட்டம்மையில் தடிப்பு தோன்றியதிலிருந்து 4 நாள், பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கியதிலிருந்து 5 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலியில் சரியான ஆன்டிபயாடிக் தொடங்கி 24 மணி நேரத்திலும், கக்குவான் இருமலில் 5 நாளிலும் பரவும் திறன் பெரும்பாலும் போய்விடும். மாத்திரையை மட்டும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். ஃப்ளூவில், காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலற்று இருந்த பிறகு வெளியே போகலாம். காசநோயில் மருந்து சரியாக வேலை செய்தால் சுமார் இரண்டு வாரத்தில் பரவல் வெகுவாகக் குறையும், சிகிச்சையோ வழக்கமாக 6 மாதம். வாந்தி, பேதியில் கடைசி முறைக்குப் பிறகு 48 மணி நேரம் பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல் இருப்பதும், பிறருக்குச் சமைக்காமல் இருப்பதும் நல்லது. நோரோ வைரஸ் மட்டும் உடல் தேறிய பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த நாட்களில் கழிவறைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் கட்டைவிரலையும் விரல் நுனிகளையும் விடாமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.